முள் சிவப்புக்குப் போகக் கூடாது

வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி சொல்லிவிட்டார்: "மீட்டர் முள்ளு செவப்புக்குப் போவக் கூடாது. டேப்பு வீணாப்பூடும்."

எழுபதுகளின் தொடக்கம். திருவள்ளூரில் பழைய நெல் கிடங்கு ஒன்றில் கிடார் ஆம்ப்ளிஃபயர் செய்தோம். மெட்ராஸ் கடைக்காரர்கள் நேரில் வரமாட்டார்கள். டேப்பைக் கேட்டுத்தான் ஆர்டர் கொடுப்பார்கள். அதைப் பதிவு செய்வது என் வேலை.

ஒவ்வொரு ஆம்ப்பையும் வால்யூம் இரண்டில், ஐந்தில், பத்தில் பதிவு செய்ய வேண்டும். இரண்டில் சுத்தமாக இருக்கும், ஐந்தில் கனக்கும், பத்தில் உடைந்து கரகரக்கும். அந்தக் கரகரப்புக்குத்தான் கிராக்கி. ஆம்ப்பின் வால்யூம் ஏற ஏற முள் சிவப்பைத் தொடாதபடி நான் ரெக்கார்டிங் லெவலைக் குறைத்துக்கொண்டே வருவேன். அதனால் டேப்பில் மூன்றும் ஒரே அளவு சத்தமாகத்தான் கேட்கும். கிடங்கு அதிர்ந்தது எந்தக் கடைக்காரருக்கும் தெரியாது.

வாசித்தவர் பொன்னேரி தேவராஜ். மெட்ராஸ் மெல்லிசைக் குழு ஒன்று சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்ததால், அந்த நினைப்பிலேயே இருந்தார். நான் சுவருக்கு இந்தப் பக்கம், பதிவு அறையில் இருந்தேன். கிடாரை ஆம்ப்பில் மாட்டும் ஒயர் குட்டை என்பதால் அவர் ஸ்பீக்கருக்கு எதிரிலேயே உட்கார வேண்டும். நீள ஒயர் கேட்டார்.

"நீள ஒயர் போட்டா சவுண்டு மட்டமாயிடும்" என்றார் முதலாளி.

சில மாதங்களில் தேவராஜ் என்னிடம் சொன்னார்: "ஊட்டுக்குப் போனாலும் காதுல கொய்யினு கேட்டுக்கினே கீதுப்பா. தூக்கமே வர்ல."

முதலாளியிடம் சொன்னேன். "பஞ்சு வெச்சிக்கச் சொல்லு. இதெல்லாம் ஒரு பேஜாரா?" என்றார். பஞ்சு வைத்தால் சுருதி சேர்க்க முடியவில்லை. தேவராஜ் எடுத்துப் போட்டுவிட்டார்.

ஒரு நாள் மெட்ராஸிலிருந்து டேப் திரும்பி வந்தது. சுருதி சரியில்லையாம். முதலாளி எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார். மெல்லிய கம்பியின் சுருதி நன்றாகவே இறங்கியிருந்தது. தேவராஜ் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"செரியாத்தானே கீது, மொதலாளி." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. சேந்துதான கீது?"

"இல்ல, தேவராஜு" என்றேன்.

"காது கேக்காதவன வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? நாளைலருந்து வராத" என்றார் முதலாளி. தேவராஜ் கிடாரை உறையில் போட்டுக்கொண்டு போனார். மெல்லிசைக் குழுவும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்து வாசிக்க வந்தவர் முதலாளியின் மச்சான். அவர் வந்த அன்றே நீள ஒயரும் வந்தது.

"மச்சான் உன் ரூம்லயே ஒக்காந்து வாசிக்கட்டும். அந்தச் சத்தத்துல எவன் ஒக்காருவான்?" என்றார் முதலாளி.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். மைக் வைப்பதற்கு முன் வாசிப்பவர் எங்கே உட்காருகிறார் என்று பாருங்கள். டேப்பைக் காப்பாற்ற மீட்டரில் முள் இருக்கிறது. காதுக்கு அப்படி எதுவும் கிடையாது.

குட்டை ஒயரில் தேவராஜ் வாசித்த பழைய டேப்பையும், நீள ஒயரில் மச்சான் வாசித்ததையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். சவுண்டில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. என் காது நன்றாகத்தான் இருந்தது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவன்.