ரிப்பேர் யார் செலவு

தெருவில் அவருக்குப் பெயர் சொட்டு. அப்பா அம்மா வைத்ததல்ல. ஒரு தடவை துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த நேரத்தில், உள்ளே எங்கேயோ குழாய் சொட்டும் சத்தம் கேட்டு எழுந்து போனார். சட்டைக் கையை மடித்துவிட்டு அதைச் சரி செய்தார். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து சோகமாக உட்கார்ந்தார். செத்தவர் பெயரை எல்லாரும் மறந்துவிட்டார்கள். இவருக்கு இந்தப் பெயர் நின்றுவிட்டது. பிளம்பருக்கு இதைவிட நல்ல விளம்பரம் ஏது என்று அவரும் விட்டுவிட்டார்.

பதினெட்டு வருஷமாக ஒரே வாடகை வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் குளியலறை, மாடியில் தண்ணீர்த் தொட்டி. வாடகை ஏறும் மாதம் வந்தால் வீட்டில் ஒரு சண்டையும் வரும். அவர் மனைவி மருந்துக்கடைக் கல்லாவில் உட்காருகிறவள். கணக்கு அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி.

"இதுவரைக்கும் கொடுத்த வாடகைய சேத்து வச்சிருந்தா, நம்ம பேர்ல ஒரு சுவராவது நின்னிருக்கும்."

"சுவர வச்சு சாஞ்சுக்கவா? கடனுக்கு வட்டி யாரு கட்டுறது? வீட்டு வரி யாரு கட்டுறது? கூரை ஒழுகுனா யாரு பாக்கெட்ல கைய விடுறது? வாடகைன்னா நிம்மதி. எது உடைஞ்சாலும் ஓனர் செலவு."

"எப்பப்பா உடைஞ்சு, எப்ப ஓனர் வந்தாரு?" என்பாள் மகள். ஒன்பதாம் வகுப்பில் இரண்டாவது வருஷமாகக் குடியிருப்பவள். அந்த வகுப்புக்கும் வாடகை உண்டென்றால் வீடு திவாலாகியிருக்கும்.

அவள் கேட்டதில் தப்பில்லை. ஓனர் வந்ததே இல்லை. எதைச் சொன்னாலும் "பாப்போம்" என்பார். அவர் பார்ப்பதற்குள் சொட்டுக்குக் காது பொறுக்காது. துருப்பிடித்த இரும்புக் குழாயை எல்லாம் பிடுங்கிவிட்டு, சுவரைக் கொத்திப் புதுக் குழாய் பதித்தார். வேலை செய்த இடங்களில் மிஞ்சிய டைல்ஸை ஒரே நிறமாகச் சேரும்வரை இரண்டு வருஷம் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்து குளியலறைக்குப் போட்டார். மாடித் தொட்டியை மாற்றினார். வாடகைக்கு இருப்பதில் ஒரே ஒரு லாபம்தான் உண்டு. அதையும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை. மாதா மாதம் வாடகையும் கொடுத்தார், சொந்தக்காரன் படுகிற பாட்டையும் பட்டார். ரசீது கேட்டால் அவரிடம் ஒன்றும் கிடையாது.

ஓனர் இறந்தார். வெளியூரிலிருந்து மகன் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"அண்ணே, வீட்ட வித்துடலாம்னு இருக்கேன். முதல்ல உங்களுக்குத்தான். அப்பா ஒரு விலை சொல்லிவச்சிருந்தாரு, அதுக்கே எடுத்துக்கங்க."

மனைவி அன்று சாயங்காலமே வங்கிக்குப் போய்க் கேட்டு வந்தாள். அந்த விலைக்குக் கடன் கிடைக்கும். மாதத் தவணை வாடகையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். "பதினைஞ்சு வருஷம் பல்லக் கடிச்சுக்கிட்டா போதும். அப்புறம் சாகிறவரைக்கும் யாருக்கும் கட்ட வேண்டாம்" என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு சிரிப்பை மகள் அதற்கு முன் பார்த்ததில்லை.

கெடுத்தது சொட்டேதான். மகன் விலை மதிப்பிட ஒரு ஆளை அனுப்பினான். வந்த ஆள் வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போயிருப்பான். சொட்டு விடவில்லை. உள்ளே கூட்டிப்போனார். சுவரைத் தட்டிக் காட்டினார். எல்லாக் குழாயையும் திறந்து காட்டினார். மாடிக்கு ஏற்றித் தொட்டி மூடியைத் தூக்கிக் காட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் வேலையை நின்று பார்த்த முதல் மனுஷன் அவன்தான். "பிரமாதம் சார்," என்று சொல்லிச் சொல்லி எழுதிக்கொண்டான்.

மறுவாரம் மகன் போனில் சொன்ன விலை வேறு. "வீடு சூப்பர் கண்டிஷன்ல இருக்காம்ணே. அப்பாவுக்கே தெரியல பாருங்க."

"சரி தம்பி," என்று சொட்டு போனை வைத்தார். கோபம் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி இருந்தது. கன்னம் இருக்கிறது, தனக்குச் சொந்தமானதாகத் தெரியவில்லை.

"உங்க உழைப்ப உங்களுக்கே விக்கிறான்" என்றாள் மனைவி. அதற்கும் சரி என்றார்.

புரோக்கர் ஆள் கூட்டிவர ஆரம்பித்தார். முதல் பார்ட்டி வந்தபோது சொட்டு வேலைக்குப் போயிருந்தார். வந்தவர்கள் எந்தக் குழாயைத் திருகினாலும் காற்றுதான் வந்தது. கூரை மூலையில் பழுப்பாக ஒரு பெரிய ஈரக்கறை. "இங்க எப்பவுமே இப்படித்தான் அங்கிள். பழகிடும்" என்று மகள் பள்ளிக்கூடச் சீருடையில் நின்று பணிவாகச் சொன்னாள். அவர்கள் மாடியைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்கள். மெயின் வால்வை மூடியதும், ஆறிய டீயைப் பஞ்சில் தொட்டுக் கூரையில் ஒற்றியதும் அவள்தான். ஒன்பதாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்காத பாடம் அது.

அன்று மாலை சொட்டு கூரையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட உட்கார்ந்தார். சம்மதம் என்று இரண்டு பேரும் எடுத்துக்கொண்டார்கள்.

மகன் விலையில் கொஞ்சம் இறங்கினான். "இன்னும் ஒரு பார்ட்டி ஓடினா பழைய விலைக்கே வந்துடுவான். அவனுக்கு அவசரம்" என்றாள் மனைவி. "ஒரே ஒரு பார்ட்டி. ஏங்க, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா மட்டும் இருங்க."

அடுத்து வந்தவர்கள் புருஷன் பெண்டாட்டி, கைக்குழந்தை. ஞாயிற்றுக்கிழமை. சொட்டு வீட்டில் இருந்தார். புருஷன் குழாயைத் திருகினான், அது ஏப்பம் விட்டது. கூரையை அண்ணாந்து பார்த்தான்.

"எவனோ அரைகுறை வேலை பாத்திருக்கான். மொத்தத்தையும் பிடுங்கணும்" என்றான் மனைவியிடம். "வா, போலாம்."

மகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இன்னும் நாலடி வைத்தால் அவர்கள் வாசலைத் தாண்டிவிடுவார்கள்.

சொட்டு எழுந்தார். ரோஷப்பட்டு எழுந்த மாதிரித் தெரியவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போகிறவர் மாதிரி பின்பக்கம் போனார். வால்வைத் திறந்துவிட்டு ஈரத்துணியோடு வந்தார். ஸ்டூலில் ஏறிக் கறையைத் துடைத்தார். அது முழுசாகப் போய்விட்டது.

"டீக்கறை" என்றார். "இப்ப திறந்து பாருங்க சார்."

தண்ணீர் கொட்டியது. குழந்தை அதைப் பார்த்துக் கையைக் காலை ஆட்டியது.

அவர்கள் அன்றே ஓனர் மகனுக்கு முன்பணம் கொடுத்தார்கள். மனைவி கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. துவைத்த துணிகளை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். "ஏம்ப்பா?" என்று மகள்தான் கேட்டாள். சொட்டு யோசித்துப் பார்த்தார். "தெரியலம்மா" என்றார்.

மூன்று தெரு தள்ளி ஒரு வீடு கிடைத்தது. வாடகை கூட, இடம் குறைவு. கடைசிச் சாமான் லாரியில் ஏறும்போது புது ஓனர் சாவி வாங்க வந்தான்.

"குழாய்ல ஏதாவதுன்னா உங்களத்தான் கூப்பிடுவேன். நம்பர் கொடுங்க. கூலி பேசிக்கலாம்."

சொட்டின் கையில் தண்ணீர்க் குடம். "நீ சொல்லும்மா" என்றார். மகள் நம்பரைச் சொன்னாள், அவன் போனில் ஏற்றிக்கொண்டான்.

லாரி தெருமுனை திரும்பியது. மூன்று பேரும் டிரைவர் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அப்பா, கடைசி நம்பர மாத்திச் சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"அந்த வீட்டுக்கு நீ கூலிக்குப் போக வேண்டாம்." அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எவனோ ஒருத்தன் போன எடுத்து முழிக்கட்டும்."

சொட்டு மடியில் இருந்த குடத்தை நேராக வைத்துக்கொண்டார். பிறகு, "மழைக்கு முன்னாடி மாடித் தண்ணி வடியிற குழாய்ச் சல்லடைய எடுத்துக் கழுவணும், இல்லன்னா அடைச்சு ஒழுகும். அதச் சொல்லாம வந்துட்டேன்" என்றார்.

அவர்கள் முன்பணம் கொடுத்த நாளிலிருந்து அவரோடு பேசாத மனைவி, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

"ஒழுகட்டும். சொந்த வீடு. ஓனர் செலவு."