மூன்று கழுத்தில் ஒரு காசுமாலை

எண்பதுகளின் நடுவில் நான் விழுப்புரத்தில் குடியிருந்து, திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். சனிக்கிழமை அரைநாள் பள்ளி விட்டதும் பழைய சாமான் கடை ஒன்றுக்குப் போவேன். வீடுகளை இடிக்கும்போது சுவரில் இருந்த படங்கள் சாக்கில் அங்கே வந்து சேரும். கடைக்காரருக்குக் கண்ணாடியும் தேக்குச் சட்டமும் போதும். உள்ளே இருப்பவர்கள் எனக்கு.

"செத்தவங்களையா பொறுக்கி எடுத்துக்கினு வூட்டுக்குப் போறீங்களே டீச்சரம்மா, சார் ஒண்ணும் சொல்றதில்லையா?" என்பார். என் கணவர் சொல்லத்தான் செய்தார். பீரோவின் கீழ்த்தட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவரது ஏற்பாடு.

பார்க்கப் பார்க்க, அந்தப் படங்களை எடுத்தவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது. கூரைக் கண்ணாடி வழியாக வரும் வெயிலை வெள்ளைத் துணி கட்டித் தணித்து, முகத்தின் ஒரு பக்கம் மட்டும் விழச் செய்திருப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்தே பழகாத ஒருவரின் கை நடுங்காமலிருக்க, முழங்காலில் அழுத்தி வைக்கச் சொல்லியிருப்பார்கள். பாதிப் படங்கள் அஞ்சலட்டைத் தாளில் அச்சானவை. பின்பக்கம் தபால்தலைக்குக் கட்டம் இருக்கும். தூரத்து உறவுக்கு அனுப்ப எடுத்ததை மனம் வராமல் தாங்களே வைத்துக்கொண்டார்கள் போலும். ஒவ்வொன்றையும் மெழுகுத்தாளில் சுற்றி, ஸ்டுடியோ வாரியாக அடுக்கி வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்காரரிடம் விசாரித்துக்கொண்டு ஒரு பெண் வீட்டுக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தவர். ஓமந்தூரில் மாமன் வீட்டில் வளர்ந்தவர். வளவனூரில் இருந்த தகப்பன் வீட்டைத் தம்பி, அதாவது தகப்பன் பிறகு கட்டிய சின்னம்மாவின் மகன், இடித்துக் கட்டியபோது பழைய சாமான்களோடு தாயின் படத்தையும் போட்டுவிட்டாராம். அடுத்த மாதம் இவர் மகளுக்குக் கல்யாணம். அதற்கு முன் பூவாடைக்காரிக்குப் படைக்க வேண்டும்; சுமங்கலியாகப் போன பெண்ணுக்குப் புதுப் புடவை வைத்துக் கும்பிடுவது அது. "அம்மா மொகத்த வச்சிப் படைக்கணும்னு ஆசங்க. சின்னதுல ஒரே ஒருக்கா பாத்தது. காசுமாலை போட்டுக்கினு நிப்பாங்க, அதான் நெனப்பு."

அந்த மாதச் சாக்கிலிருந்து எடுத்தவற்றில் காசுமாலைப் படம் ஒன்றைக் காட்டினேன். வாங்கிய வேகத்தில் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்படியே அனுப்பியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பார். ஆனால் படையல் வேறொருத்திக்குப் போய்விட்டால்? அதே சாக்கில் வந்த இன்னும் இரண்டு படங்களை எடுத்து மேசையில் வைத்தேன். மூன்று பெண்கள், ஒரே திரைச்சீலை, மூன்று கழுத்திலும் ஒரே காசுமாலை. மூன்றிலும் இடப்பக்கம் நான்காவது காசு மடங்கியிருந்ததைப் பூதக்கண்ணாடியில் காட்டினேன். மாலை ஸ்டுடியோவினுடையது, படம் எடுக்க வருகிற பெண்களுக்குப் போட்டுவிடுவார்கள் என்றேன்.

அவர் பூதக்கண்ணாடியை வாங்கி மூன்று மாலைகளையும் தானே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்த மாலைய எங்க சின்னம்மா வித்துத் தின்னுட்டாங்கன்னு மாமா சொல்லுவாரு. அதுக்காவ நான் அவங்க வூட்டு வாசல் மிதிச்சி எத்தினியோ வருசம் ஆவுது. அப்பா சாவுக்கும் போயி, பேசாம வந்தேன்."

மூன்றில் எது தாயின் முகம் என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் அந்தச் சின்னம்மாதான். படங்களை எடுத்துப் போய்க் காட்டட்டும் என்றேன். வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு, வெள்ளைப் புடவை கட்டிய ஒரு முதியவளைக் கைபிடித்து அழைத்துக்கொண்டு வந்தார். வளவனூர் போய் வாசலில் நின்று என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. மூன்று படங்களையும் மேசையில் பரப்பினேன். சின்னம்மா அருகில் வந்தாள். உடனே நடுவிலிருந்த படத்தைத் தொட்டாள். இவர் முதலில் கண்ணில் ஒற்றிக்கொண்ட படம் அல்ல அது.

"அக்கா இதாம்மா. அவரு இருந்தவரிக்கும் வெள்ளிக்கெழம தவறாம இந்த மொகத்துக்குப் பொட்டு வச்சிருக்கேன். நான் பொண்ணு வூட்டுக்குப் போயிருக்க சொல்ல, பையன் தெரியாம போட்டுட்டான்."

மாலை விஷயத்தை இவர் அவளிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். படத்திலிருந்த காசுகளைப் பார்த்துவிட்டுச் சின்னம்மா சிரித்தாள். "இத என் கழுத்துல எவனாச்சும் ஒரு நாளு பாத்தானா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஒருத்தரும் கேக்கலியே."

அந்தப் பெண் தலைகுனிந்து, "படையலுக்கு நீங்க வந்து பொட்டு வையுங்க," என்றார்.

"நான் வெக்கக் கூடாதும்மா. பொட்டு எடுத்தவ. வர்றேன், பின்னால நின்னு பாக்குறேன்."

"பின்னால நிக்க வெக்கிறதுக்கா இம்மாந்தூரம் கூட்டியாந்தேன்? நல்ல காரியத்துல எவ என்ன சொல்றாளோ சொல்லட்டும். நீங்க வெக்கலன்னா படையலே கெடையாது."

சின்னம்மா என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டிலும் எந்த விதவையும் முன்னால் நின்று நான் பார்த்ததில்லை. படத்தை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து நூல் கட்டினேன். அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். அவர் வாங்காமல், சின்னம்மா பக்கம் கையைக் காட்டினார்.

சின்னம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வாங்கிக்கொண்டாள்.