முடிச்சு விழுந்த தொப்பிகள்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். பால்காரர் செம்பைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் போதும், அன்று முழுக்க அந்தப் பாலை முறைத்துக்கொண்டிருப்பேன். இப்படிப்பட்ட என்னிடம்தான் பள்ளிக்கூடத்துக் கம்பளி நூல் பெட்டியின் சாவியைக் கொடுத்தார்கள்.

சண்டை நடந்த வருஷங்களில் ராயபுரத்தில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் சிப்பாய்களுக்கு ஸ்வெட்டர் பின்னினோம். சண்டை முடிந்ததும் மிச்ச நூல் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தது. காக்கி, சாம்பல், கொஞ்சம் நீலம். எல்லாம் எலுமிச்சம்பழ அளவு உருண்டைகள். பிரசவ ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்குத் தொப்பியும் காலுக்கு மேஜோடும் பின்னிக் கொடுக்கலாம் என்றார் பெரிய டீச்சர். இந்த ஊர்ப் புழுக்கத்தில் கம்பளித் தொப்பியா என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பத்துப் பெண்கள் வருவார்கள். நூலைத் தபால் தராசில் நிறுத்துக் கொடுப்பேன். பின்னியதையும் மிச்சத்தையும் சேர்த்து நிறுத்து வாங்குவேன்.

அவர்களில் ஒருத்தி மீனவர் குப்பத்திலிருந்து வந்தாள். என் வயதுதான் இருக்கும். புருஷன் படகில் விழுந்து இடுப்பொடிந்து வீட்டோடு கிடந்தான். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை ஒன்று காலியாக இருந்தது. அது கிடைத்தால் மீன்கூடை தூக்காமல் பிழைத்துக்கொள்ளலாம் என்றுதான் அவள் ஒரு சனிக்கிழமைகூட விடாமல் வந்தாள்.

பெரிய டீச்சர் என்னிடம், "நீங்கதான் பக்கத்துல இருந்து பாக்கறீங்க. ஆள் எப்படின்னு சொல்லுங்க" என்றார்.

பார்த்தேன். அவள் கணக்கில் மட்டும் ஒவ்வொரு முறையும் எடை குறைந்தது. தொப்பியை உள்பக்கம் திருப்பினேன். முடிச்சு! ஒரே தொப்பியில் ஏழு. நான் கொடுத்த உருண்டையில் முடிச்சே கிடையாது. நடுவில் வெட்டாமல் முடிச்சு எப்படி வரும்? ஆங்காங்கே ஒரு முழம் வெட்டி எடுத்துக்கொண்டு மீதியைக் கட்டிவிடுகிறாள் என்று புரிந்துகொண்டேன். ஒரு நாள் அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே கடற்கரை வரைக்கும் போனேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அங்கே மீன் விற்கிற பெண்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். நூலை விற்றுவிட்டாள், அதனால்தான் சிரிக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை எல்லோரும் உட்கார்ந்த பிறகு கேட்டேன்.

"ஏம்மா, குறையற நூல் எங்க போகுது?"

"நைஞ்சத அறுத்து அடுப்புல போட்டுட்டேன் டீச்சரம்மா."

"அடுப்பிலயா?"

"கெட்ட நூல வூட்ல வச்சிக்க மாட்டோம்."

மற்றவர்களின் ஊசிகள் நின்றுவிட்டன. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நல்ல வழிதான். எரிச்சிட்டேன்னு சொல்லிட்டா யார் வந்து சாம்பலைக் கிளறப் போறாங்க?" என்றேன்.

"நான் இன்னாத்துக்கு எடுக்கப்போறேன்?" என்று மட்டும் கேட்டாள். ஊசிகளை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அவளுக்குக் கை சுத்தமில்லை என்று பெரிய டீச்சரிடம் சொன்னேன். ஆயா வேலை வேறொருத்திக்குப் போயிற்று.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மூட்டை திரும்பி வந்தது. ஒருமுறை துவைத்ததிலேயே தொப்பிகள் எல்லாம் ஓட்டை. கல்லில் அடித்துத் துவைத்திருப்பார்கள் என்று முதலில் அவர்களைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு ஒவ்வொன்றாக உள்பக்கம் திருப்பினேன். ஒன்றில்கூட முடிச்சு இல்லை; அவள் பின்னியது ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. நான் பின்னியவை அதில் நாலு. பெட்டியைத் திறந்து ஓர் உருண்டையைப் பிரித்து இழுத்தேன். இரண்டு முழத்துக்கு ஒருதரம் அறுந்தது. பூச்சி அரித்த நூல், பார்வைக்குத் தெரியவில்லை.

நேரே பெரிய டீச்சரிடம் போய்ச் சொல்லிவிட்டு, குப்பத்துக்குப் போனேன்.

அவள் வீட்டு வாசலில் வலை நூலைச் சோதித்துக்கொண்டிருந்தாள். கால் கட்டைவிரலில் மாட்டி, கைக்கெட்டிய நீளத்துக்கு விண்ணென்று இழுப்பாள். அறாமல் நின்றால் அடுத்த நீளம். நைந்த இடத்தை அறுத்து, முடிச்சுப் போட்டு, அறுத்ததை அடுப்புக்கென்று ஒதுக்குவாள். பக்கத்து வாசல்களிலும் அதே வேலைதான் நடந்தது. வலையில் ஒரு கண் அறுந்தாலும் மீன் போய்விடுமே. பச்சைக் குழந்தையின் தொப்பிக்கும் அப்படியே செய்திருக்கிறாள். குப்பை நூலைத் தராசுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"தப்பு என்மேலதாம்மா. பெரிய டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்."

"வேல?"

"ஆள் போட்டாச்சு."

இழுப்பதை நிறுத்தாமலே சொன்னாள். "நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும். என்னாண்ட வந்து இன்னாத்துக்கு சொல்லிகினு கீற? அல்லார் முன்னாடியும் கேட்டியே, அல்லார் முன்னாடியும் சொல்லு."

சொன்னேன். அந்தச் சனிக்கிழமை என் ஓட்டைத் தொப்பிகளை மேஜையில் பரப்பி, உருண்டையை இழுத்து அறுத்துக் காட்டி, ஒன்று விடாமல் சொன்னேன். ஒன்பது பேரும் தலையாட்டினார்கள். மனசு லேசானது போலிருந்தது.

அப்போது ஒருத்தி ஊசியை எடுத்துக்கொண்டே பக்கத்தில் இருந்தவளிடம், "இருந்தாலும், டீச்சரம்மாவுக்கு சும்மாவா சந்தேகம் வந்திருக்கும்?" என்றாள்.

"அதானே" என்றாள் மற்றவள்.