கடைசி பெஞ்சில் ரெஜினா அக்கா

செவ்வாய்க்கிழமை முதல் பீரியட். ஸ்மார்ட் போர்டு உயிர் பெறட்டும் என்று ஐந்தாம் வகுப்போடு நானும் காத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நம் பி.எட். குரூப்பில் செய்தி வந்தது. பிறந்தநாள் வாழ்த்துக்கு மட்டுமே விழிக்கும் குரூப் அது. ரெஜினா அக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்று எழுதியிருந்தது. போர்டு வந்துவிட்டது மிஸ் என்று பிள்ளைகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். 

உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். நாம் இருபத்திரண்டு வயதில் சேர்ந்த வகுப்பில் அக்கா நாற்பத்தொரு வயதில் வந்து சேர்ந்தார். விவேக் நகரில் வீடு. அங்குள்ள சர்ச்சில், ஞாயிறு தமிழ்ப் பூசையில் பாட்டு வரிகளைத் திரையில் போடுவது பல வருடங்களாக அக்காவின் பொறுப்பு. கல்லூரி புரொஜெக்டர் மக்கர் பண்ணினால் லெக்சரர் கூட அக்காவைத்தான் தேடுவார். அப்படிப்பட்டவர்தான் வகுப்பறைக்குள் வரும் ஒவ்வொரு கருவியையும் சந்தேகத்தோடு பார்த்தார். பீடத்துக்குப் பக்கவாட்டில் லேப்டாப்போடு உட்கார்ந்து, சனங்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்து வந்த சந்தேகம் அது. "கோயிலே அதிர்ற மாதிரி பாட்டு கேக்கும். பாதிப் பேரு வாயத்தான் அசைப்பாங்க" என்பார்.

பயிற்சிக் காலத்தில் ஒருவர் பாடம் எடுக்க, இன்னொருவர் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெழுத வேண்டும் அல்லவா? நாமெல்லாம் 'நல்ல குரல், தெளிவான விளக்கம்' என்று ஒருவருக்கொருவர் மொய் எழுதிக்கொண்டோம். அக்கா மட்டும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, கண்டதை அப்படியே எழுதினார்.

என் பின்னப் பாடத்தன்று அங்கேதான் உட்கார்ந்திருந்தார். ஸ்மார்ட் போர்டை நன்றாகக் கையாளுகிறவருக்கு ஜூனில் வேலை என்று நாங்கள் பயிற்சிக்குப் போன பள்ளியின் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். எனக்கு அந்த வேலை வேண்டும். அப்பா ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த வருடம் அது. போர்டில் பிட்சா சுழன்றது, வெட்டுப்பட்டது, வண்ணம் மாறியது. கேட்ட கேள்விக்கெல்லாம் வகுப்பே ஒரே குரலில் விடை சொன்னது. என் கால் தரையில் இல்லை.

அக்கா எழுதியிருந்தது இரண்டே வரி: 'கடைசி பெஞ்சில் ஷாலினி எல்லாரோடும் சேர்ந்து வாயசைத்தாள். அவளுக்கு விடை தெரியாது.'

அந்த நோட்டை லெக்சரர் படிப்பார், தலைமையாசிரியையும் படிப்பார். வராந்தாவில் அக்காவை மடக்கி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்கள் என்று கெஞ்சினேன்.

"அந்த வரிய அடிச்சிடறேன் உமா. அந்தப் பொண்ணுக்குப் பின்னம் புரிய வை, அன்னிக்கே அடிச்சிடறேன்" என்றார்.

ரோஷம் வந்துவிட்டது எனக்கு. மறுநாள் விடை அட்டைகளோடு போனேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் சதுரக் குறி அச்சிட்ட ஓர் அட்டை, நான்கு பக்கத்துக்கும் நான்கு விடை. சரியென்று நினைக்கிற பக்கத்தை மேலே வைத்துத் தூக்கிப் பிடித்தால் என் போன் கேமரா படித்துக்கொள்ளும். பக்கத்துப் பிள்ளை என்ன விடை சொன்னது என்று யாருக்கும் தெரியாது. "சீட்டுக்கட்டா?" என்று அக்கா சிரித்தார். மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, எது பெரியது என்று கேட்டேன். பதினொரு பேர் தப்பு. முந்தின நாள் தொண்டை கிழியக் கத்தின முதல் பெஞ்சுக்காரர்களும் அதில் இருந்தார்கள்.

அக்கா என் போனை வாங்கி, ஒவ்வொரு பெயராக விரலால் தள்ளிப் பார்த்தார்.

"நான் ஒரு பொண்ணத்தான் பாத்தேன். உன் போன் பதினோரு பேரப் பாத்துடுச்சே. இது நல்ல சாமான்மா."

இதையும் நோட்டில் எழுதிவிட்டார், மகராசி. ஒன்று பதினொன்றானது. அதோடு நிற்கவில்லை. அடுத்த நாள் பேக்கரியிலிருந்து தேங்காய்ப்பூரணம் வைத்த வட்டமான தில்பசந்த் இரண்டு, ஒரே அளவில் வாங்கி வந்து, ஒன்றை மூன்றாகவும் ஒன்றை நான்காகவும் வெட்டச் சொன்னார். எது வேண்டும் என்று ஷாலினியைக் கேட்டேன். அவள் ஒரு நொடி கூட யோசிக்காமல் மூன்றில் ஒரு துண்டை எடுத்தாள். பிறகு அட்டையையும் சரியாகத் தூக்கினாள். சொன்ன சொல்லுக்கு அக்கா அந்த இரண்டு வரியை அடிக்கத்தான் போனார். விடுங்கள் என்று நான்தான் தடுத்தேன்.

வேலை எனக்குக் கிடைக்கவில்லை. விடுங்கள் என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னவளுக்கு அக்கா மேல் கோபம் இருந்ததா என்றால், இருந்தது. பரீட்சை முடிகிற வரை இருந்தது. பிறகு தொம்மலூரில் வேறு பள்ளி கிடைத்தது, கல்யாணம், குழந்தை என்று நாள் ஓடியது. நீங்கள் எழுதினதுதான் சரி என்று அக்காவிடம் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். போன் பண்ண எத்தனை நேரமாகும்? பண்ணவில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். எந்தப் புதுக் கருவி பள்ளிக்கு வந்தாலும் முதலில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து பார்க்கிறேன். பிள்ளைகள் சேர்ந்து கத்தும்போது காதை நம்புவதில்லை, வாயைப் பார்க்கிறேன்.

அடக்கப் பூசையில் திரையை வேறு யாரோ கவனித்தார்கள். ஒவ்வொரு வரியும் தாமதமாகவே வந்தது. நான் கடைசி வரிசையில் நின்றேன். எனக்கு அந்தப் பாட்டு தெரியாது. சுற்றிலும் எல்லோரும் பாட, நான் வாயை மட்டும் அசைத்தேன். பீடத்துக்குப் பக்கவாட்டில் அக்கா உட்கார்ந்திருந்தால் கண்டுபிடித்திருப்பார்.