கடல் தெரியாத ரூம்தான் வேணுமாம்

இன்று காலை சென்னையிலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். கணவருக்கும் பையனுக்கும் விடுமுறை, அவருக்கு மட்டும் லேப்டாப்பில் தினமும் ஆபீஸ். பத்து நாள் போர்ட் பிளேரில் தங்க வேண்டும். வீடியோ பார்த்தே டூர் புக்கிங் கற்றுக்கொண்ட எனக்கு இப்படி ஒரு கஸ்டமர் வருவது முதல் தடவை.

"இன்னிக்கே ரூம் காட்டலன்னா கோவாவுக்குப் போட்டுருவேன்ப்பா."

இங்கே மின்னி பே கடற்கரையில் தெரிந்த அங்கிளின் லாட்ஜுக்கு ஓடினேன். இருப்பதிலேயே நல்ல கடல் ரூமைத் திறந்துவிட்டார். அங்கிருந்தே அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"அய்யோ, பின்னாடி கடல் தெரியுதே. மேனேஜர்கிட்ட சொல்லிட்டுத்தான் வரேன். ஆனா இதைப் பார்த்தா மீட்டிங்ல ஒருத்தரும் வேலையைப் பேச மாட்டாங்க. வெறும் சுவரு இருக்கா?"

அங்கிள் என்னைப் பார்த்து இந்தி கலந்த தமிழில் கேட்டார்: "அரே, கடல் வேணாங்குறாங்களா?"

கடைசியில் பின்பக்க ரூமுக்குப் போனோம். மெயின்லேண்ட் கப்பலுக்கு டிக்கெட் கிடைக்காமல் மாட்டிக்கொள்பவர்களுக்கு மட்டும் அதைக் கொடுப்பாராம். மேசை, நாற்காலி, பின்னால் வெறும் சுவர், ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி. ஆனால் வைஃபை பெட்டி வாசலுக்கு மேலேயே இருந்தது. வீடியோ கால் ஒருமுறைகூட நிற்கவில்லை.

"இதைப் போய்க் காட்டுறியே பேட்டா, வெக்கமா இருக்கு" என்று முனகினார் அங்கிள்.

அக்கா சொன்னார்: "இது எனக்கு. கடல் ரூம் அவங்க ரெண்டு பேருக்கும். ரெண்டையும் போட்டுருப்பா."

ஒரே குடும்பம், இரண்டு ரூம். அங்கிள் இப்போது பின்பக்க ரூமுக்குப் பெயிண்ட் வாங்கப் போயிருக்கிறார்.

உங்கள் மீட்டிங்குக்கு எந்தக் கலர் சுவர் வேண்டும்? அவர் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் சொல்லிவிடுங்கள்.