வாக்குச் சாவடி வாசலில் ஒரு ஞானத்தகப்பன்

என் மகனுக்கு ஞானஸ்நானம் கொடுக்க நாள் குறித்த அதே ஞாயிற்றுக்கிழமையில்தான் தனிநாட்டு வாக்கெடுப்பையும் வைத்தார்கள். வைத்தவர்களில் என் கணவரும் ஒருவர். விருந்துக்கென்று நான் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்த பங்குக் கோயில் மண்டபத்தை வாக்கெடுப்புக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து, "இஞ்சேரும், சாப்பாட்டை வீட்டிலை வைப்பமே?" என்றார். நாட்டுக்காகக் கொடுத்தவரை நான் என்ன சொல்ல? ஒரு கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது போர் முடிந்து அதிக காலமாகவில்லை. ஊரில் வாய் திறந்து கேட்க முடியாத கேள்வியை, வெளிநாடுகளில் இருக்கிற நாங்கள் எங்களுக்குள்ளேயே கேட்டுப் பார்ப்பது என்று ஏற்பாடு. ஈழத்தமிழருக்குத் தனிநாடு வேண்டுமா, வேண்டாமா? எந்த அரசாங்கமும் அந்த முடிவை ஏற்கப்போவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இத்தாலியில், இந்தப் பலெர்மோ நகரத்தில் எங்கள் சனம் அதைப் பற்றிக் கதைக்காத இடமில்லை. வியா மக்வேதாத் தெருவில் எங்கள் ஆண்கள் பாத்திரம் கழுவுகிற குசினிகளிலும், நாங்கள் குடியிருக்கிற சீசாப் பகுதிக்குப் போகிற பஸ்ஸிலும், பூசை முடிந்த வாசலிலும் அதே கதைதான். "செத்த சனத்துக்கு வேறை என்னத்தைச் செய்யப்போறம்?" என்றார்கள் சிலர். "இஞ்சை ஓமெண்டு புள்ளடி போட்டா அங்கை இருக்கிறவைக்கெல்லோ அடி விழும்" என்றார்கள் வேறு சிலர். மன்னார் ஆட்களுக்கு அக்கறை போதாது என்று ஒரு குறையும் ஓடித் திரிந்தது. நான் மன்னார்க்காரி. அண்ணனை அந்தச் சண்டையில் பறிகொடுத்தவள். ஓம் என்று போடுவதில் எனக்கு ஒரு தடுமாற்றமும் இருக்கவில்லை.

தடுமாற வைத்தவன் எங்கள் சீசா வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்த வன்னித் தம்பி. போருக்குப் பிறகு வந்தவன். மனைவியும், தவழ்கிற வயதில் விட்டுவிட்டு வந்த மகளும் அங்கேயே இருந்தார்கள். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி கிடைத்ததும் அவர்களைக் கூப்பிட வேண்டும் என்பதுதான் அவனுக்கு ஒரே நினைப்பு. எனக்கு வலி வந்த அன்று என் கணவர் வேலையில் நிற்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் அவன்தான். நர்ஸ் அவனையே தகப்பன் என்று நினைத்துப் பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டாள். இல்லை என்று விளக்க அவனிடம் இத்தாலியன் போதாது. வாங்கி வைத்துக்கொண்டு அழுதானாம். பிறகு வேறு யாரை ஞானத்தகப்பனாகக் கேட்பது?

அந்தத் தம்பி வாக்குப் போட வரமாட்டேன் என்று சொன்னான். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. என் கணவர் அவனை இருத்திவைத்துக் கதைத்தார்.

"பேருக்கு வந்து ஒரு புள்ளடி போட்டிட்டுப் போவன்ரா. நீ என்னத்துக்குப் போட்டனீ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"என்னத்துக்குப் போட்டனான் எண்டது தெரியாது மச்சான். வந்தனான் எண்டது எல்லாருக்கும் தெரியுமெல்லோ. அங்கை அவள் பிள்ளையோடை தனிய இருக்கிறாள். ஆரும் வாசல்லை வந்து நிண்டு, உன்ரை மனுசன் எங்கை போனவன் எண்டு கேட்டா?"

இவர் அதோடு விட்டுவிட்டார். வெளியில் இருந்தவர்கள் விடவில்லை. துரோகி என்ற சொல் என் காதிலேயே விழுந்தது. அவனை ஞானத்தகப்பனாக நிறுத்தினால் விருந்துக்கு வரமாட்டோம் என்று சில குடும்பங்கள் சொல்லி அனுப்பின. அன்று பின்னேரம் தம்பி குசினிக்கு வந்து நின்றான்.

"அக்கா, நீங்கள் வேறை ஆரையும் பாருங்கோ. பிள்ளையின்ரை நாளிலை என்னாலை கரைச்சல் வேண்டாம்."

எனக்கு வந்த கோபத்தில் அகப்பையை வைத்துவிட்டேன். "நாடு பிந்திக் கிடைச்சாலும் கிடைக்கட்டும். என்ரை பிள்ளைக்கு ஞானத்தகப்பன் நீதான். விருப்பமில்லாத ஆக்கள் வரவேண்டாம், பற்றிஸ் மிஞ்சினா நாங்கள் வச்சுத் தின்னுறம்." அடுத்த அறையில் இருந்த என் கணவருக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

ஒருவர் இரண்டு தரம் போடாமலிருக்க, ஊரில் போலவே இடது கைச் சின்ன விரலில் மை பூசினார்கள். பூசைக்கு முன்பே போட்டுவிட்டு வந்தவர்கள் அந்த விரல் தெரியப் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் முதலே போட்டுவிட்டு வரத்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஞானஸ்நானத் தொட்டியடியில் எடுக்கிற படம் வன்னிக்கு, தம்பியின் மனைவிக்குப் போகும். மை பூசிய கைகளுக்கு நடுவில் தன் மனிதன் நிற்கிற படத்தை அவள் எங்கே ஒளிப்பாள்? பின்னேரம் போடலாம் என்று விட்டுவிட்டேன்.

விடியற்காலையிலிருந்து மண்டபத்தில் பெட்டிக்குக் காவல் நின்ற என் கணவர், சுவாமி தண்ணீரைக் கையிலெடுக்கிற நேரத்துக்கு மூச்சு வாங்க ஓடிவந்தார். நான் முதலில் பார்த்தது அவருடைய விரலை. மை இல்லை.

"இன்னும் போடேல்லையோ?" என்றேன்.

"படம் எடுக்கவேணுமெல்லோ" என்றார் மெதுவாக.

இரண்டு பேரும் அதைப் பற்றி முதலில் ஒரு சொல்லும் கதைத்திருக்கவில்லை. இந்த மனிதரைக் கட்டியதற்காக நான் மனமாரச் சந்தோஷப்பட்ட நாட்கள் சில உண்டு. அது அதில் ஒன்று. தொட்டியின் ஒரு பக்கம் ஞானத்தாயாக நான் வேலை செய்கிற லிபெர்த்தாத் தெரு வீட்டு இத்தாலியச் சிஞ்ஞோரா, மற்றப் பக்கம் இரவல் கோட்டுப் போட்ட தம்பி. தண்ணீர் விழ மகன் வீரிட்டான். "முடிஞ்சுதப்பு, முடிஞ்சுது" என்று தம்பி அவனைத் தடவிக்கொண்டிருந்தான். மனைவியும் மகளும் வந்து சேர இன்னும் சில வருடங்கள் எடுத்தன. அந்தப் படம் இப்போது அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

சொன்னபடியே சில குடும்பங்கள் விருந்துக்கு வரவில்லை. அதிகம் வாய் காட்டிய ஓர் அன்ரி மட்டும், "பிள்ளையிலை என்ன பிழை?" என்றபடி வந்து இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

பெட்டி மூடுகிற நேரம் நெருங்கியது. மகன் அப்போதுதான் தம்பியின் தோளில் நித்திரையாகியிருந்தான். பால் குடிக்கிற பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கை மாற்றினாலும் எழும்பிவிடுவான்.

"நடவுங்கோ அக்கா, நான் தூக்கிக்கொண்டு வாறன்" என்றான் தம்பி.

"அங்கையோ?" என்று கேட்டேன். அந்தக் கிழமை முழுக்க மண்டபத் தெருவால் போகாமல் சுற்றிப் போனவன் அவன்.

"வெளியிலை நிக்கிறன். நீங்கள் ரெண்டுபேரும் சேர்ந்து போடுங்கோ."

உள்ளே சீட்டை விரித்து, அண்ணனை நினைத்து ஓம் என்பதற்கு நேரே புள்ளடி போட்டேன். வரப்போகிற நாடு, வெளியில் நிற்கிற அந்தப் பொடியனைத் துரோகி என்று சொல்லாத நாடாக இருக்கவேண்டும் என்று மாதாவை மன்றாடினேன். சீட்டில் அதைக் கேட்க இடமிருக்கவில்லை.

வெளியே வந்தால், வாசலோடு ஒரு கதிரை. அவனைத் துரோகி என்றவர்களில் ஒருவரே உள்ளேயிருந்து கொண்டுவந்து போட்டிருந்தார். தம்பி பிள்ளையை நெஞ்சில் சாய்த்தபடி அதில் இருந்தான். சுற்றி நின்றவர்கள் யார் யார் வந்தது, யார் வராமல் விட்டது என்று உரத்து வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"மெதுவாக் கதையுங்கோ" என்றான் தம்பி. "என்ரை ஞானப்பிள்ளை நித்திரை."

ஒரு மாதமாக ஓயாமல் கத்தித் திரிந்த ஆண்கள் அத்தனை பேரும் குரலைத் தாழ்த்திக் குசுகுசுக்கத் தொடங்கினார்கள்.