தையற்காரர் வெட்டிய செயின்

தையற்காரருக்கு எதையும் தாராளமாக வெட்டித்தான் பழக்கம். பெரிதாக வெட்டினால் பிடித்துக்கொள்ளலாம், சின்னதாகிவிட்டால் தலையில் கைவைத்து உட்கார வேண்டியதுதான் என்பார். உடம்பும் அப்படியே, தாராளம். அதைச் சுமந்துகொண்டு மேட்டு மருத்துவமனைக்கு ஏறுவது மச்சானின் மலை சைக்கிள். ஆசை ஆசையாய் வாங்கிய மச்சான், முட்டி வலிக்கிறதென்று அக்கா வீட்டில் தள்ளிவிட்டுப் போனது அது.

அந்த மருத்துவமனையின் நர்ஸ் சீருடைகள்தான் கடைக்குச் சோறு போடுகின்றன. போன தடவை பாதி மேட்டில் செயின் 'கடக்'கென்று வழுக்கியது. மிதிக்க மிதிக்க வழுக்கியது. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் ஷிப்ட் மாறி, அளவு கொடுக்கக் காத்திருந்தவர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள். "இன்னொரு தடவை இப்படி வந்தீங்கன்னா வேற டெய்லரப் பாத்துக்குறேன்" என்று தலைமை நர்ஸ் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

நாளைக் காலை மறுபடி போக வேண்டும். சைக்கிள் கடையிலோ கூட்டம், இன்றைக்கு ஆகாது என்று கைவிரித்துவிட்டார்கள். மச்சான் புதுச் செயினும், கண்ணிகளைக் கோத்திருக்கும் பின்னைத் தள்ளும் கருவியும் கொண்டுவந்தார்.

"மாமா, ஊசில நூல் கோக்கவே உங்களுக்குக் கண்ணாடி வேணும். இதெல்லாம் தேவையா?"

"ஊசிக் காதவிட இது பெருசுதான் மாப்ளே. வெளிச்சத்த மறைக்காம நில்லு."

உள்ளே காலர் தைத்துக்கொண்டிருந்த மனைவி மிஷினை நிறுத்தாமலே குரல் கொடுத்தாள். "ஏங்க, வெள்ளைத் துணி கிடக்கு. கிரீஸ் கையோட வாசப்படி தாண்டினீங்க, அவ்வளவுதான்!"

பழைய செயினின் இரு நுனியையும் சேர்த்திருந்த இணைப்புக் கண்ணியைக் கழற்றியதும் தையற்காரர் அதை உருவிவிடவில்லை. அதன் நுனியில் தடித்த நூலைக் கட்டி மெதுவாக இழுத்தார். பைஜாமாவுக்கு நாடா மாற்றும் அதே வேலை. கியர்ச் சக்கரங்களுக்குள் செயின் வளைந்து போன வழியெல்லாம் இப்போது நூல் கிடந்தது.

பிறகு இரண்டு செயினையும் ஒரே ஆணியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டார். பழசு முடிந்த இடத்தில் புதிதில் சாக்குக்கட்டியால் கோடு. அந்த இடத்துப் பின்னைத் தள்ளி வெட்டினார். நூலில் கட்டி இழுக்க, புதுச் செயின் சமர்த்தாக வழி பிடித்துப் போய் நின்றது.

நுனிகள்தான் சேரவில்லை. செயினில் ஒரு கண்ணி குறுகல், அடுத்தது அகலம் என்று மாறி மாறி வரும். மாட்ட வேண்டிய இணைப்புக் கண்ணி இரண்டு பக்கமும் குறுகலைத்தான் கேட்கிறது. இங்கே ஒரு பக்கம் அகலம்.

"சின்னதா வெட்டிட்டீங்களா? போச்சு மாமா!"

"சின்னதாவா? நானா?" நுனியில் மறுபடி நூலைக் கட்டி, அதை வழியில் விட்டுவிட்டுச் செயினை உருவி ஆணியில் மாட்டினார். மேலே கண்ணிக்குக் கண்ணி சரியாக நின்றது. கீழே வர வர, விலகிக்கொண்டே போனது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "முட்டி தொங்கின பேண்ட்ட வச்சா புதுசுக்கு அளவெடுப்பீங்க?"

தையற்காரர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். பழசு தேய்ந்து நீண்டுபோயிருக்கிறது. நீளம் பார்த்தது தப்பு, கண்ணிகளை எண்ணியிருக்க வேண்டும். எண்ணினார். புதிதில் ஒன்று கூடுதல்.

"பாத்தியா மாப்ளே, தப்புலயும் பெருசாத்தான் வெட்டியிருக்கேன்!" அதைத் தள்ளி எடுத்து, நூலில் கட்டி மறுபடி இழுத்ததும் இணைப்புக் கண்ணி 'டிக்'கென்று உட்கார்ந்தது.

"சக்கரத்துப் பல்லும் தேஞ்சிருந்தா புதுசும் வழுக்கும் மாமா."

"அத மேடு சொல்லட்டும்."

காலையில் சீருடை மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். முன்பு வழுக்கிய அதே வளைவில் வேண்டுமென்றே இருக்கையை விட்டு எழுந்து, முழு உடம்பையும் பெடலில் இறக்கினார். காதைத் தீட்டிக் கேட்டார். மூச்சு சத்தம் மட்டும்தான்.

தலைமை நர்ஸ் அறைக் கதவைத் திறக்கும்போது இவர் வாசலில் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இவர் நகங்களைப் பார்த்தார்.

"என்ன இது கறுப்பு?"

"சோப்புக்கு அடங்காததும்மா. துணி தொடுற விரல் நுனியப் பாருங்க, பளிச்சுனு இருக்கு."

பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கையைத் தூக்கினார். "சரி, முதல்ல என்னுத எடுங்க. போன சட்டை அக்குள்ல பிடிக்குது."

"பிடிக்குதா? நான் தைச்சதா?" என்றார் தையற்காரர், நம்பமுடியாமல்.